பின்னால் நின்று பார்த்தவர்

ஃபிரான்ஸ் பெக்கன்பவர் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிற காட்சி பழைய பதிவுகளில் கிடைக்காமல் போகாது. ஆனால் தேடித்தான் எடுக்க வேண்டும். பின்கள வீரர் என்றால் தோளால் இடிப்பவர், காலை நீட்டிப் படுப்பவர், ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது அரைக்கால் சட்டையெல்லாம் மண்ணும் புல்கறையுமாக இருப்பவர் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் ஆகப்பெரிய பின்கள வீரர் வளையாத முதுகோடு, தலையை உயர்த்திக்கொண்டு, அவசரமில்லாமல் மைதானத்தில் உலவிக்கொண்டிருந்தார். பந்து காலில் இருக்கும்போதுகூட அவர் கண் பந்தின் மேல் இருக்காது. இதைப் பார்த்துத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் ஜெர்மனியிலேயே உண்டு. எனக்கோ அந்த நிமிர்வில்தான் அவருடைய மொத்தக் கலையும் இருப்பதாகத் தோன்றும். குனிந்தால் பந்து மட்டும் தெரியும். நிமிர்ந்தால் இருபத்தொரு பேரும் தெரிவார்கள். அவருக்கு இருபத்தொரு பேரும் வேண்டியிருந்தது.

1945 செப்டம்பரில், போர் முடிந்து சில மாதங்களில், மியூனிக் நகரின் கீஸிங் பகுதியில் பிறந்தவர். தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பேட்டை அது. அப்பா தபால் துறை ஊழியர். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் 1860 மியூனிக் கிளப்தான் உயிர், பெக்கன்பவருக்கும் அப்படித்தான். ஆனால் சிறுவர் ஆட்டம் ஒன்றில் அதே 1860 அணியின் பையன் ஒருவன் இவர் கன்னத்தில் அறைந்துவிட, அங்கே சேர்வதில்லை என்று முடிவெடுத்து பயர்ன் மியூனிக் பக்கம் போனார். அப்போது பயர்ன் பெரிய கிளப் கிடையாது. 1963இல் புண்டஸ்லீகா தொடங்கியபோது 1860 அதில் இருந்தது, பயர்ன் இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் பயர்ன் உள்ளே வந்தது. அப்படி வந்த அணியில் கோல்கீப்பராக செப் மையர், முன்னால் கெர்ட் முல்லர், நடுவில் பெக்கன்பவர். அந்த மூவரும் சேர்ந்து அடுத்த பத்தாண்டில் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை.

அவர் ஆடிய இடத்தைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து ஆட்ட முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது தற்காப்பு என்பது ஆளுக்கு ஆள். எதிரணி ஃபார்வர்டு ஒவ்வொருவருக்கும் ஒரு காவலாள். அவர் எங்கே போனாலும் இவரும் பின்னாலேயே போவார். காவலை மீறி யாராவது வந்துவிட்டால் தடுக்க, எல்லோருக்கும் பின்னால் ஒருவர், எவரையும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்பார். இத்தாலியர்கள் வளர்த்தெடுத்த இந்த இடத்துக்குத்தான் லிபெரோ என்று பெயர். பெரும்பாலான அணிகளில் அது வயதான, கால் தளர்ந்த, அனுபவசாலியின் இடம். உடைந்ததை ஒட்டுவதும் சிதறியதை அள்ளுவதும்தான் வேலை.

பெக்கன்பவர் இளைஞராக இருந்தபோது இன்டர் மிலானின் இடது பின்கள வீரர் ஃபக்கெட்டியை ரசித்துப் பார்த்தவர். தற்காக்க வேண்டிய ஆள் கோட்டோரமாகவே ஓடிப்போய் எதிரணி கோலில் பந்தை அடித்துவிட்டுத் திரும்பி வருவார். பக்கவாட்டில் நிற்பவர் இதைச் செய்யலாமென்றால் நடுவில் நிற்பவர் ஏன் செய்யக்கூடாது என்று பெக்கன்பவர் யோசித்தார். கேட்க எளிய கேள்விதான். ஆனால் ஆளுக்கு ஆள் முறையின் அடிவயிற்றில் கை வைத்த கேள்வி. எதிரணியில் ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஒதுக்கப்பட்டிருக்கிறார். லிபெரோவைப் பார்த்துக்கொள்ள மட்டும் யாரும் கிடையாது. அவர் பந்தோடு நடுக்களத்துக்கு வந்துவிட்டால் எதிரணியில் யாரோ ஒருவர் தன் ஆளை விட்டுவிட்டு இவரிடம் வந்தாக வேண்டும். வந்தால் விடப்பட்டவர் தனியாக நிற்பார், வராவிட்டால் இவர் கோல் வரை நடந்துவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் பெக்கன்பவருக்கு லாபம்.

அவருடைய வலது காலின் வெளிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. பந்தை நேராகத் தள்ளப் பாதத்தின் உட்பக்கம் போதும்; பள்ளிக்கூடத்தில் கற்றுத் தருவது அதுதான். அதற்கு இடுப்பைத் திறந்து காலை வெளியே திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தைப் பார்த்ததுமே பந்து எங்கே போகப்போகிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். பெக்கன்பவர் திருப்ப மாட்டார். ஓடுகிற ஓட்டத்திலேயே, உடம்பு நேரே பார்த்தபடி இருக்க, கணுக்காலைச் சற்று உள்ளே மடித்து, சுண்டுவிரல் பக்கத்தால் பந்தின் ஓரத்தைத் தட்டிவிடுவார். பந்து அவர் பார்க்காத வலப்பக்கம் வளைந்து போகும். முப்பது நாற்பது மீட்டர் தொலைவிலும் ஓடுபவரின் ஓட்டத்துக்கு முன்னால் போய் இறங்கும். தட்டியபின் கால் தரையைத் தொடும்போது அடுத்த அடி தொடங்கியிருக்கும். நின்று உதைத்த அடையாளமே இருக்காது. பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: எதிரே நிற்பவரின் எடை பந்து கிளம்பிய பிறகும் ஒரு கணம் தவறான காலிலேயே இருக்கும். அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைத்தார்கள். செய்தியை மறைத்து அனுப்புகிற மிகத் திறமையான வழியாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் தேசிய அணியில் அவருக்கு இந்தச் சுதந்திரம் உடனே கிடைக்கவில்லை. 1966 உலகக் கோப்பையில், இருபது வயதில், நடுக்களத்தில் ஆடி நான்கு கோல் போட்டார். இறுதி ஆட்டம் வெம்ப்ளியில், இங்கிலாந்தோடு. இங்கிலாந்தின் உயிர்நாடி பாபி சார்ல்டன். பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், சார்ல்டனை விடாமல் ஒட்டிக்கொள்ளும் வேலையை அணியின் ஆகத் திறமையான இளைஞரிடம் கொடுத்தார். பெக்கன்பவர் சொன்னதைச் செய்தார். சார்ல்டன் அடங்கிப்போனார். அதே ஆட்டத்தில் சார்ல்டனும் பெக்கன்பவரை அடக்கிவிட்டார். இரண்டு பெரும் ஆட்டக்காரர்கள் இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டு நிற்க, கோப்பை மற்றவர்களின் கால்களில் தீர்மானமானது. மேற்கு ஜெர்மனி 4-2 என்று தோற்றது. இந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து பெக்கன்பவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது இதே கணக்கு அவரிடம் வரும்.

1970இல் மெக்சிகோவில், லியோன் நகரில், மறுபடி இங்கிலாந்து. காலிறுதி. இங்கிலாந்து 2-0 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் பெக்கன்பவர் பந்தை வாங்கி வலப்பக்கமாக நகர்கிறார். இங்கிலாந்தின் முல்லரி எதிரே வருகிறார். ஒரு தள்ளலில் அவரைத் தாண்டி, கோணம் குறுகிக்கொண்டே வரும்போது, தரையோடு தரையாகக் குறுக்கே அடிக்கிறார். கோல்கீப்பர் பொனெட்டி விழுவதற்குள் பந்து அவருக்கு அடியில் புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கிலாந்து சார்ல்டனை வெளியே எடுத்தது. ஜெர்மனியின் ஸீலர் தலையால் பின்னோக்கி முட்டி சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் முல்லர் முடித்தார். சார்ல்டன் போனதால்தான் பெக்கன்பவர் விடுபட்டு கோல் அடித்தார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. வரிசை அப்படியல்ல, கோல் முதலில், மாற்றம் பிறகு. கட்டை அவரே அவிழ்த்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து, ஆஸ்டெகா மைதானத்தில் இத்தாலியோடு அரையிறுதி. பெனால்டி எல்லைக்கருகே அவரை வீழ்த்தியதில் தோள்பட்டை விலகிவிட்டது. மாற்று ஆட்டக்காரர் இருவரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மிச்ச ஆட்டத்தையும் கூடுதல் நேர அரைமணியையும் ஆடினார். அந்த அரைமணியில் மட்டும் ஐந்து கோல். இத்தாலி 4-3 என்று வென்றது. வீரத்தின் படமாக இதை எல்லோரும் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. கை கட்டப்பட்ட மனிதனுக்கு ஓடும்போது சமநிலை போய்விடும், திரும்புவது கடினம். அப்படியிருந்தும் தலை குனியவில்லை. வலியிலும் மைதானத்தைப் படித்துக்கொண்டேயிருக்கிறார்.

தேசிய அணியிலும் லிபெரோவாக ஆடிய பெக்கன்பவரின் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் 1972 ஏப்ரல் 29 என்ற நாளைத்தான் சொல்வேன். வெம்ப்ளியில் தேசிய அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்து மண்ணில் ஜெர்மானியர்களின் முதல் வெற்றி, 3-1. அன்று நடுக்கள வீரர் கூன்ட்டர் நெட்ஸரும் அவரும் ஒரு விளையாட்டு விளையாடினார்கள். நீண்ட முடி காற்றில் பறக்க நெட்ஸர் பின்னால் வந்து பந்தை வாங்குவார். உடனே பெக்கன்பவர் முன்னே போய்விடுவார். அடுத்த முறை நெட்ஸர் முன்னே, இவர் பின்னே. யார் கிளம்புவார், யார் தங்குவார் என்று இங்கிலாந்துக்காரர்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. அந்தக் கோடையில் பிரஸ்ஸல்ஸில் சோவியத் அணியை 3-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். மேற்கு ஜெர்மனி ஆடிய ஆட்டங்களிலேயே அழகானது 1972தான் என்று அந்நாட்டு ரசிகர்கள் பலர் சொல்வார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் ஹான்ஸ்-கெயோர்க் ஷ்வார்ட்ஸன்பெக்கைப் பற்றிப் பேசியாக வேண்டும். பயர்னிலும் தேசிய அணியிலும் பெக்கன்பவருக்கு முன்னால் நின்ற ஸ்டாப்பர். உயரம், எலும்பும் தசையுமான உடம்பு, நாசூக்கு இல்லாத கால். எதிரணியின் நடு ஃபார்வர்டோடு முட்டி மோதுவது, உதை வாங்குவது, பெக்கன்பவர் முன்னே போனதும் அவர் விட்ட இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது, எல்லாம் இவர் வேலை. வாழ்த்தெல்லாம் பெக்கன்பவருக்குப் போகும். 1974 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அத்லெட்டிகோ மாட்ரிட் 1-0 என்று முன்னால் நிற்க, கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில், யாருமே எதிர்பார்க்காதபடி இந்த மனிதர் தொலைவிலிருந்து ஓர் உதை விட்டார். பந்து மூலையில் போய்ச் சேர்ந்தது. மறு ஆட்டத்தில் பயர்ன் 4-0 என்று ஜெயித்தது. ஓய்வு பெற்றபின் மியூனிக்கில் ஒரு ஸ்டேஷனரி கடையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். ஒருவர் கட்டின்றி ஆட இன்னொருவர் கட்டுண்டு ஆட வேண்டும் என்ற கணக்கை ஷ்வார்ட்ஸன்பெக்கைப் போலத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. பெக்கன்பவரை ரசிக்கிற ஒவ்வொருவரும் இவருக்குக் கடன்பட்டவர்கள்.

1974 உலகக் கோப்பை சொந்த நாட்டில். முதல் சுற்றில் ஹாம்பர்க்கில் கிழக்கு ஜெர்மனியிடம் 1-0 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அணியை மாற்றியமைத்ததில் கேப்டன் பெக்கன்பவரின் குரலுக்குப் பெரும் பங்கிருந்தது. நொறுங்கிப்போயிருந்த ஷோன் அவர் சொல்வதைக் கேட்டார். ஆட்டக்காரராக இருந்தபோதே அவர் பயிற்சியாளர் வேலையைத் தொட்டுப் பார்த்த இடம் இதுதான் என்பேன்.

ஜூலை 7, மியூனிக் ஒலிம்பிக் மைதானம், நெதர்லாந்தோடு இறுதி ஆட்டம். பின்கள வீரர் பெர்ட்டி ஃபோக்ட்ஸை நெதர்லாந்தின் க்ரைஃபின் மேல் கட்டிவிட்டார்கள். தொடங்கியதுமே க்ரைஃப் தன் அணியின் களக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால் போய் நின்று பந்தை வாங்கி, அங்கிருந்து நேரே ஓடி உள்ளே புகுந்து பெனால்டி சம்பாதித்தார். ஜெர்மானியர் எவர் காலிலும் பந்து படுவதற்கு முன் 1-0. அந்த ஒரு நிமிடம் லிபெரோவின் கலையை க்ரைஃப் பெக்கன்பவருக்கே ஆடிக் காட்டினார். பிறகு ப்ரைட்னரின் பெனால்டியில் சமன்.

முதல் பாதி முடிய இன்னும் சில நிமிடங்கள் இருக்கும்போது நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. க்ரைஃப் பந்தோடு விடுபட்டு வருகிறார், பக்கத்தில் ஜானி ரெப். எதிரே பெக்கன்பவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் மையர். சாதாரணப் பின்கள வீரர் க்ரைஃபின் மேல் பாய்ந்திருப்பார். பாய்ந்திருந்தால் ஒரு தட்டில் பந்து ரெப்பிடம் போய், ரெப் காலியான பாதையில் நடந்துபோய் கோல் போட்டிருப்பார். பெக்கன்பவர் பாயவில்லை. பின்னோக்கி நகர்ந்தார். க்ரைஃபைப் பார்த்தபடி, ரெப்புக்கான வழியை உடம்பால் பாதி மறைத்தபடி, அடி அடியாகப் பின்வாங்கினார். நம்மூர் சடுகுடுவில் பாடி வருகிறவனைத் தொடாமல், அவன் மூச்சு கரையட்டும் என்று விலகிக்கொண்டே போகும் ஆட்டக்காரனின் கணக்கு அது. க்ரைஃப் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்க முடியவில்லை, கொடுத்தபோது தாமதமாகிவிட்டது. மையர் முன்னே வந்து கோணத்தை அடைத்திருந்தார். ரெப்பின் உதை அவர் மேல் பட்டுப் போனது. பெக்கன்பவர் பந்தைத் தொடவே இல்லை. புள்ளிவிவரத்தில் அது மையரின் தடுப்பு என்றுதான் ஏறும். உலகின் ஆகச் சிறந்த தாக்குதல்காரரிடமிருந்து ஓரிரண்டு விநாடியைத் திருடி மையரிடம் கொடுத்தவர் யார் என்று கண் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் முல்லர் திரும்பி அடித்த கோல், 2-1. இன்று எல்லோரும் உயர்த்திப் பிடிக்கும் அந்தத் தங்கக் கோப்பையை முதன்முதலில் உயர்த்திய கேப்டன் பெக்கன்பவர்தான்.

1977இல் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்குப் போய் பெலேவோடு ஆடினார். பிறகு ஹாம்பர்க் வந்து 1982இல் இன்னொரு புண்டஸ்லீகா பட்டம். தேசிய அணியில் 103 ஆட்டம். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து 1972இலும் 1976இலும் கிடைத்தது. பின்களத்தில் நின்ற ஒருவர் அதை இருமுறை பெற்றது அவர் மட்டும்தான்.

1984 ஐரோப்பியக் கோப்பையில் மேற்கு ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேற, பயிற்சியாளர் யுப் டெர்வால் விலகினார். தேசிய அணி பெக்கன்பவரிடம் வந்தது. அவரிடம் பயிற்சியாளர் உரிமம் கிடையாது. எந்த அணியையும் அதுவரை நடத்தியதும் இல்லை. அதனால் பயிற்சியாளர் என்று சொல்லாமல் டீம்ஷெஃப் என்ற பதவி கொடுத்து, உரிமம் பெற்ற உதவியாளரைப் பக்கத்தில் வைத்தார்கள்.

1986 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அவர் அழைத்துப்போன அணி ரசனைக்கு உகந்தது என்று என்னால் சொல்ல முடியாது. டென்மார்க்கிடம் 2-0 தோல்வி. மொராக்கோவை ஜெயிக்கக் கடைசி நிமிடங்களில் லோதர் மத்தேயஸின் ஃப்ரீ கிக் தேவைப்பட்டது. மெக்சிகோவோடு கோல் இல்லாமல் இழுத்து, பெனால்டிகளில் தப்பித்தார்கள். முகாமுக்குள் சண்டை, மாற்று கோல்கீப்பர் ஊலி ஷ்டைன் பெக்கன்பவரைக் கிண்டலடித்ததற்காக ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆனாலும் பிரான்சை 2-0 என்று வென்று இறுதிக்குப் போய்விட்டார்கள். எதிரே அர்ஜென்டினா, மரடோனா வாழ்வின் உச்சத்தில்.

அங்கேதான் அந்தப் பழைய கணக்கு திரும்ப வந்தது. மரடோனாவைக் காவல் காக்க யார்? பெக்கன்பவர் லோதர் மத்தேயஸை நிறுத்தினார். நடுக்களத்தில் பந்தோடு முன்னே பாயக்கூடிய, அணியின் ஆற்றல் மிக்க மனிதரை. ஷோன் 1966இல் தனக்குச் செய்ததையே அவர் மத்தேயஸுக்குச் செய்தார். பலனும் அதேதான். மரடோனா அன்று கோல் போடவில்லை. ஆனால் மத்தேயஸின் ஆற்றல் பாதி காவலிலேயே போயிற்று. அர்ஜென்டினா 2-0 போனது. ரும்மெனிகேயும் ஃபொல்லரும் போராடி 2-2 ஆக்கினார்கள். பிறகு நெரிசலுக்கு நடுவே மரடோனாவுக்கு ஒரேயொரு பாஸ் கொடுக்க இடம் கிடைத்தது. புர்ருச்சாகா ஓடிப்போய் முடித்தார். 3-2.

பெக்கன்பவரின் பயிற்சியாளர் வாழ்க்கையில் நான் ஆகப் பெரிதாக மதிப்பது அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் அவருக்குள் நடந்த மாற்றத்தை. 1990இல் உலகக் கோப்பைக்காக இத்தாலிக்கு வந்த அணியில் மத்தேயஸ் கேப்டன், அவர் மேல் எந்தக் காவல் வேலையும் கிடையாது. மிலானில் யூகோஸ்லாவியாவோடு முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் மத்தேயஸ் தன் பாதியிலேயே பந்தை வாங்குகிறார், தலையை உயர்த்துகிறார், ஓடுகிறார். வழியில் வந்தவரைக் கடந்து, தொலைவிலிருந்தே தாழ அடித்த பந்து வலையில். 4-1. அந்த ஓட்டத்தில் பெக்கன்பவரின் மிதப்பு இல்லை. மத்தேயஸ் ஓடினால் தரை அதிரும். ஆனால் எதிரணியின் ஆளுக்கு ஆள் கணக்கைப் பின்னாலிருந்து கிளம்பி உடைக்கும் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் நிற்கும் இடத்தை கிளாவுஸ் அவுகன்தாலருக்குக் கொடுத்தார். நல்ல ஆட்டக்காரர், அழுத்தமான உதை, நிதானம். ஆனால் இன்னொரு பெக்கன்பவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, பெக்கன்பவரும் அவரை அப்படி ஆக்கப் பார்க்கவில்லை. பெரும் கலைஞர்கள் ஆசிரியராகும்போது வழக்கமாக நடப்பது வேறு. தன்னைப் போலவே ஒருவரை உருவாக்க முயல்வார்கள், முடியாதபோது மாணவர்மேல் கோபப்படுவார்கள். இவர் தன் இடத்தைத் தன் இடமாகப் பார்க்காமல், தன் சுதந்திரத்தை மட்டும் எடுத்து, அதைத் தாங்கக்கூடிய ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே வைத்தார். அந்த ஆள் நடுக்களத்தில் நின்றார்.

அவர் கோபப்படாதவர் என்று அர்த்தமில்லை. காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியா பத்துப் பேராகக் குறைந்த பின்னும் ஜெர்மானியர்கள் பந்தை அலட்சியமாக ஆடிக் கோட்டைவிட, கோட்டோரத்தில் அவர் கொதித்தார். 1-0 என்று வென்ற அணி உடை மாற்றும் அறையில் தோற்ற அணியைப் போல வசவு வாங்கியது. எண்ணிக்கை கூடுதலாக இருக்கும்போது இடத்தை வீணாக்குவது அவர் கண்ணுக்குப் பெரும் குற்றம். வாழ்நாள் முழுதும் அந்த ஓர் ஆள் கூடுதலை உண்டாக்குவதற்காகவே ஆடியவர் அல்லவா.

டூரினில் இங்கிலாந்தை பெனால்டிகளில் வென்று, ஜூலை 8 ரோமில் மறுபடி அர்ஜென்டினா, மறுபடி மரடோனா. இம்முறை காவல் கீடோ புக்வால்டுக்கு. நெட்டையான, நீண்ட காலுள்ள, பொறுமையான பின்கள வீரர். நெதர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இடப்பக்கம் முன்னே போய், ஆளை ஏமாற்றி, கிளின்ஸ்மனின் கோலுக்குப் பந்தைத் தந்தவரும் அவரே; கட்டுண்ட ஆளுக்கும் கொஞ்சம் கயிறு விட்டு வைத்திருந்தார் பெக்கன்பவர். இறுதி ஆட்டத்தில் புக்வால்ட் மரடோனாவை விட்டு அகலவில்லை, முரட்டுத்தனமும் காட்டவில்லை. ஜெர்மானியர்கள் அவரையே டியேகோ என்று செல்லமாக அழைத்தார்கள். மத்தேயஸ் விருப்பம்போல உலவினார்.

அந்த இறுதி ஆட்டம் அழகானதாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அர்ஜென்டினா ஆட வரவில்லை, ஆட்டத்தைக் கொல்ல வந்தது. அவர்களில் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். 85ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டி பற்றி இன்றும் வாதம் உண்டு. மத்தேயஸ் ஷூ உடைந்து வேறு ஷூவில் ஆடிக்கொண்டிருந்ததால் ப்ரேமே முன்வந்து வலது காலால் கீழ் மூலையில் தட்டிவிட்டார். 1-0. கேப்டனாகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்ற முதல் மனிதர் பெக்கன்பவர். பின்னாளில் பிரான்சின் தெஷாம்ப் அதைச் செய்தார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்ற மூன்றாமவர், வரிசையில் முதலில் செய்தவர், பிரேசிலின் ஸகாலோ. 2024 ஜனவரியில் இரண்டே நாள் இடைவெளியில் ஸகாலோவும் பெக்கன்பவரும் மறைந்தார்கள்.

ரோமுக்குப் பிந்தைய வாழ்க்கையை விரைவாகக் கடந்துவிடலாம். மார்சேயில் சில மாதம். பயர்னில் நடுவழியில் பொறுப்பேற்று 1994இல் லீக் பட்டம், 1996இல் யுஇஎஃப்ஏ கோப்பை. இவற்றுக்கிடையே கிளப்பின் தலைவர் பதவியும். 2006 உலகக் கோப்பையை ஜெர்மனிக்குக் கொண்டுவந்ததும் நடத்தியதும் அவர்தான். அது தொடர்பான பணப் பரிமாற்றங்கள் பற்றிய விசாரணை கடைசி ஆண்டுகளில் அவரைத் துரத்தியது, சுவிட்சர்லாந்தில் வழக்கு தீர்ப்பு வராமலே காலாவதியானது. அந்த நிழலை மறைக்க நான் விரும்பவில்லை. அது நிர்வாகியின் கணக்கு. மைதானத்தில் அவர் செய்தது வேறு கணக்கு.

1990க்குப் பிறகு தேசிய அணியை ஏற்றவர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ், க்ரைஃபின் மேல் கட்டப்பட்டு நின்ற அதே மனிதர். இரு ஜெர்மனியும் இணையப்போவதால் இனி இந்த அணியைப் பல ஆண்டுகளுக்கு யாரும் வெல்ல முடியாது என்று ரோமில் பெக்கன்பவர் மகிழ்ச்சியில் சொல்லிவிட்டுப் போனது ஃபோக்ட்ஸின் தலையில் பாரமாக இறங்கியது. 1994இல் நியூ ஜெர்சியில் பல்கேரியாவிடம் தோற்றபோது அந்தப் பேச்சை எடுத்து எடுத்து அடித்தார்கள். ஆனால் 1996இல் இங்கிலாந்தில் ஐரோப்பியக் கோப்பையை ஃபோக்ட்ஸ் வென்றார். அதை வெல்லக் காரணமாக இருந்தவர் மத்தியாஸ் ஸாமர்: பின்னால் நின்று, பந்தோடு கிளம்பி, நடுக்களத்தைக் கிழித்துக்கொண்டு போன செந்தலை லிபெரோ. அவ்வாண்டு தங்கப்பந்தும் அவருக்கே. காலமெல்லாம் காவலாளாக ஆடியவர், பயிற்சியாளரானபோது தன் அணியில் கட்டில்லாத ஒருவருக்கு இடம் வைத்ததை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

அதற்குள் உலகம் மாறிவிட்டிருந்தது. பின்களத்தில் நான்கு பேர் ஒரே கோட்டில் நின்று ஆளுக்கு ஆள் என்பதை விட்டு இடத்தைக் காக்கும் முறைக்கு இத்தாலியர்களே போய்விட்டார்கள். அந்த முறையில் எல்லோருக்கும் பின்னால் ஒருவர் நின்றால் ஆஃப்சைடு கோடு உடைந்துவிடும். 1998 டிசம்பரில் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு பலகையை வைத்து இதை விளக்கியபோது, பாடம் எடுக்கிறார் வாத்தியார் என்று பலர் முகம் சுளித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஐரோப்பியக் கோப்பையில், 39 வயதான மத்தேயஸை லிபெரோவாக நிறுத்திக்கொண்டு ஜெர்மனி போனது. ரோட்டர்டாமில் போர்ச்சுகல் 3-0 என்று நொறுக்கியது. மத்தேயஸின் 150ஆவது ஆட்டம், கடைசி ஆட்டமும் அதுதான்.

அந்த வேலை இன்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் வெட்டவெளியைக் கூட்டித் துடைப்பதை கோல்கீப்பர் மானுவல் நோயர் பெனால்டி எல்லைக்கு வெளியே ஓடி வந்து செய்தார். காலின் வெளிப்பக்கத்தால் வளைத்துக் கொடுக்கும் பாஸை பின்கள வீரர் மாட்ஸ் ஹும்மெல்ஸிடம் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு முறை அவர் அதைச் செய்தபோதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் பின்னாலிருந்து பந்தோடு கிளம்பி, நடுக்களத்தைத் தலைநிமிர்ந்து கடந்து, முன்னால் நிற்பவரிடம் கொடுத்துத் திரும்ப வாங்கி, தானே கோலை நோக்கி அடித்துவிட்டு, பந்து மறுமுனைக்கு வரும்முன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கிற ஒருவரை, ஸாமருக்குப் பிறகு ஜெர்மன் அணியில் நான் பார்க்கவில்லை.